மில் பேயும் இன்டர்வெல் சாரும்

ஹைதராபாத், செகந்திராபாத் இரண்டு ஊரையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், பேய்ப் படம் பார்க்கத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான் தேறுவார். அவர் மல்காஜ்கிரியில் எங்கள் அபார்ட்மென்டில், எனக்கு எதிர் வீட்டில் இருக்கிறார். மறுப்பவர்கள் தாராளமாக என் வீட்டுக்கு வந்து சண்டை போடலாம். காபி தருகிறேன், கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

அவருடைய சொந்தப் பெயர் கீழே தபால் பெட்டியில் எழுதியிருக்கிறது. யாரும் படித்ததில்லை. எல்லோருக்கும் அவர் இன்டர்வெல் சார். எந்தப் படமானாலும் இடைவேளை விட்டதும் சமோசா கவுன்டர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, வரிசையில் நிற்கிற முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் உரத்த குரலில் தீர்ப்பு சொல்லிவிடுவார். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

"முழுசாப் பாத்துட்டுச் சொல்லலாமே சார்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எதுக்கு சிஸ்டர்? ரெண்டாவது பாதிங்கது மொதப் பாதியில செஞ்ச தப்ப மறைக்கதுக்குத்தான்" என்றார்.

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா காலத்திலேயே செகந்திராபாத் வந்துவிட்டார்கள். அதனால் கட்டடத்துப் பெண்கள் எல்லோரும் அவருக்கு சிஸ்டர், ஆண்கள் எல்லோரும் பிரதர். பேச்சு நெல்லைத் தமிழ். கோபம் வந்தால் மட்டும் வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', எதற்கு என்பதற்கு 'கைக்கு' என்று இந்த ஊர் உருது எட்டிப் பார்க்கும்.

தீர்ப்பு சொல்லும் பழக்கம் தியேட்டரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கல்யாணப் பந்தியில் சாம்பார் முடிந்து ரசம் வருவதற்குள், "கத்திரிக்கா வேகல. பொண்ணு வீட்டுக்காரன் அவசரப்பட்டுட்டான்" என்பார். பொண்ணு வீட்டுக்காரர் பின்னாலேயே நின்றுகொண்டிருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாஸ்டர் பிரசங்கத்தின் நடுவில் தண்ணீர் குடிக்க நிறுத்தினாராம். சார் பக்கத்து பெஞ்சுக்காரரிடம், "ஆரம்பம் ஜோரா இருந்துது. இப்பந்தான் இழுக்காரு" என்று சொல்லியிருக்கிறார். மைக் நன்றாக இருக்கிற சர்ச்சில் மௌனமும் நன்றாகவே இருக்கும்; சொன்னது பாஸ்டர் காதுவரை போய்விட்டது. பாஸ்டர் அன்றைக்குச் சீக்கிரமே ஜெபத்துக்குப் போய்விட்டார்.

இப்படிப்பட்டவர் மண்டியிட்ட ஒரே படம் மில் பேய்ப் படம். பெயரைச் சொன்னால் தயாரிப்பாளர் என்மேல் பாய்வார், வேண்டாம். தெலுங்குப் படம். பூட்டிக்கிடக்கிற ஒரு ரைஸ் மில்லில், மின்சாரமே இல்லாமல் பெல்ட் தானாக ஓடும். அந்தச் சத்தம் கேட்டால் அவள் வருகிறாள் என்று அர்த்தம். அவ்வளவுதான் கதை. நாங்கள் குடிவந்த புதிதில் முதல் பாகம் வந்தது. சார் தன் மகள் ஷீபாவை, அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தவளை, ஷூ வாங்கித் தருவதாக வீட்டில் சொல்லிவிட்டு மேட்னிக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவி எஸ்தர் அக்காவுக்குப் பேய்ப் படம் ஆகாது. "சாத்தானக் காசு குடுத்து வேற பாக்கணுமா?" என்பார்.

திருட்டு அன்று சாயங்காலமே வெளிப்பட்டது. எஸ்தர் அக்கா இட்லிக்கு கிரைண்டரைப் போட்டிருக்கிறார். கடகடவென்று பெல்ட் ஓடியதுதான் தாமதம், அப்பாவும் மகளும் எங்கள் வீட்டு சோபாவில் இருந்தார்கள். கதவைத் தட்டியதாகக்கூட எனக்கு ஞாபகம் இல்லை. அந்த மாதம் முழுக்க அவர்கள் வீட்டில் மாவு அரைப்பது கிடையாது. கிரைண்டரைப் போடவே கூடாது என்று தடை உத்தரவு. எஸ்தர் அக்கா என் வீட்டில் மாவு அரைத்துப் பாத்திரத்தை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோனார்.

இங்கே சாரைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம் சொல்ல வேண்டும். உண்மையிலேயே பயந்துவிட்டால் அவர் கத்த மாட்டார். வாய் மூடிவிடும். உலகத்தில் அவர் வாயை மூட வைத்த ஒரே ஜீவன் அந்த மில் பேய்தான். ஷீபாவுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். "டாடி அவுட்!" என்று கைதட்டுவாள்.

ஷீபா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் எல்லாம் புரியும்; பதில் தெலுங்கில் வரும், இல்லையென்றால் இந்தியில் வரும். பெரியவளாக ஆக அந்தப் பதிலும் சுருங்கியது. சார் இந்தப் பக்கம் அரைமணி நேரம் பேசினால் அந்தப் பக்கத்திலிருந்து ஆமாம் என்பதற்கு "ஹவ் டாடி" என்று ஒன்று வரும். ஆனால் மில் பேய் அடுத்த பாகம் வந்தால் மட்டும் இரண்டு பேரும் வாரக்கணக்கில் பேசுவார்கள். இவர் நெல்லையில் கேட்பார், அவள் தெலுங்கில் அடிப்பாள், பால்கனி அதிரும். கல்லூரிக்கு வாரங்கல் போனபிறகும் ஒவ்வொரு பாகத்துக்கும் பஸ் பிடித்து வந்தாள். அப்புறம் வேலைக்குப் புனே போனாள். ஐந்தாம் பாகத்தோடு படமும் நின்றுபோனது. கிறிஸ்மஸுக்கு வருவாள், அது அம்மாவுக்கும் சர்ச்சுக்கும் சொந்தக்காரர்களுக்கும். மில் பேய்க்கு வந்தால்தான் அது அப்பாவுக்கு.

ரொம்ப வருஷம் கழித்து, போன வருஷம் ஆறாம் பாகம் அறிவித்தார்கள். சார் நடையே மாறிப்போனது. லிஃப்டில் ஏறுகிறவர்களை எல்லாம் மடக்கி ட்ரெய்லரைக் காட்டினார். தண்ணீர் டாங்கர் பிரச்சினைக்காகக் கூட்டிய அசோசியேஷன் மீட்டிங்கில் எழுந்து நின்று, "டாங்கர் கெடக்கட்டும். ஆறாம் பாகம் வருது, எல்லாரும் வந்துருங்க" என்றார். செக்ரட்டரி அதைத் தீர்மானமாக எழுதிக்கொண்டதாகக் கேள்வி.

"இவ்வளவு வருஷம் கழிச்சு எடுத்தா நல்லா இருக்குமா சார்?" என்று மாடிப்படியில் வைத்துக் கேட்டேன்.

"கண்டிப்பா நல்லா இருக்கும்!" என்றவர், சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "நல்லா இருக்கணும் சிஸ்டர். இது ஓடலன்னா இத்தோட மூடிருவோம்னு டைரக்டர் பேட்டி குடுத்திருக்கான். ஷீபா லீவு போட்டுட்டு வாரா. மூடிட்டாம்னா, பெறவு அவ எதுக்கு வருவா?"

எனக்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொன்னேன்.

சனிக்கிழமை மேட்னி. சார், ஷீபா, நான் என்று வரிசையாக உட்கார்ந்தோம். படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே இது தேறாது என்று தெரிந்துவிட்டது. ரைஸ் மில்லை இடித்து ரிசார்ட் கட்டியிருந்தார்கள். நீச்சல் குளம், டி.ஜே., எல்லாம் உண்டு. பெல்ட் ஒன்றைச் சுவரில் அலங்காரமாக மாட்டியிருந்தார்கள். பேய் வந்தது. காலில் வெள்ளை ஸ்னீக்கர்ஸ் போட்டிருந்தது. ஹீரோவின் நண்பன் அதைப் பார்த்து, "அம்மா தல்லி, ஒரு ஸ்டெப் போடு" என்று கேட்க, சத்தியமாகச் சொல்கிறேன், பேய் ஒரு ஸ்டெப் போட்டது. தியேட்டரே சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் எங்கள் வரிசையிலிருந்தே ஒரு அலறல்.

"ஏசப்பா!"

இன்டர்வெல் சார்! இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். முன்வரிசைப் பையன் திரும்பி, "அங்கிள், காமெடி சீன் ஹை யே. கைக்கு சில்லாரே?" என்றான், காமெடி சீனுக்கு எதற்குக் கத்துகிறீர்கள் என்று. சார் அசரவில்லை. பேய் நீச்சல் குளத்தில் குதித்தபோது கத்தினார். பேய் பிளாஸ்டிக் பை ஒழிப்பு பற்றி இரண்டு நிமிஷம் அறிவுரை சொன்னபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஷீபா படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளை. எங்கள் கட்டடத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் சமோசா கவுன்டர் பக்கம் கூடிவிட்டார்கள். இன்றைக்கு டைரக்டரின் தோலை உரிக்கப் போகிறார் என்று நானும் ஆவலாக நின்றேன். சார் தொண்டையைச் செருமினார்.

"ஏ ஒன்! மொத பார்ட்டுக்கு அப்புறம் இதான் பெஸ்ட்! என்னமா மெரட்டுதாம் பாத்தியளா!"

கல்யாணச் சாம்பாரில் கத்திரிக்காயை மன்னிக்காத மனிதர், ஸ்னீக்கர்ஸ் போட்ட பேயை மன்னித்துவிட்டார். மூன்றாவது மாடி ராவ் காரு என்னிடம் மெதுவாக, "சாருக்கு பி.பி. செக் பண்ணணும் மேடம்" என்றார்.

இரண்டாம் பாதியைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. பேய் கோர்ட்டில் சாட்சி சொன்னது. போதுமா?

படம் விட்டதும் மாலிலேயே ஒரு மேஜையில் டீ வாங்கி உட்கார்ந்தோம். சார் விடாமல் புகழ்ந்துகொண்டே இருந்தார். கேமரா பிரமாதம், மியூசிக் பிரமாதம், ஸ்னீக்கர்ஸ்கூட ஒரு புது சிந்தனை. ஷீபா கப்பைக் கீழே வைத்தாள்.

"டாடி, நிஜங்கா நச்சிந்தா?" நிஜமாகவே பிடித்ததா என்று கேட்கிறாள்.

"பின்ன? நான் கத்தினதப் பாக்கலையா?"

"அதுதான் டாடி. நீங்க பயந்தா கத்தமாட்டீங்க. கைக்கு ஆக்டிங்?"

ஷீபா வாயிலிருந்து முழுசாகத் தமிழ் வாக்கியம் ஒன்று வந்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். சார் டீயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் மெனு கார்டைப் படிக்க ஆரம்பித்தேன்.

"நல்லால்லன்னு நானே சொன்னா, அடுத்த பார்ட்டுக்கு நீ வருவியா?" என்றார் கடைசியில். "அடுத்த பார்ட்டே எடுக்க மாட்டாம்லா. எனக்கும் உனக்கும் பேசிக்கிட வேற என்னட்டி இருக்கு?"

இதைச் சொல்லும்போது அவர் குரல் சமோசா கவுன்டர் குரலே இல்லை. ஷீபா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"டாடி, பேய்க்கு ஸ்னீக்கர்ஸ் எந்துக்கு? ஷூ லேஸ் யாரு கட்டிவிட்டா?"

அவ்வளவுதான். அணை உடைந்தது.

"அத விடுட்டி! மில்ல இடிச்சிட்டாம்லா! மில்லு இல்லாம என்னட்டி மில் பேய்? பெல்ட்டக் கொண்டுபோயி சுவத்துல மாட்டுதான், இவன்லாம் ஒரு டைரக்டரா? நக்கோ! அஞ்சு பார்ட்டு பாத்தவனுக்கு ஒரு மருவாதி வேண்டாமா? வாய்தா வாங்குத பேய எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா?"

"செத்த சினிமா டாடி! மொத்தம் செத்த!"

தெலுங்கில் செத்த என்றால் குப்பை. டீ ஆறிப்போனது. மேஜையைத் துடைக்க வந்தவர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஆட்டோவிலும் பேச்சை நிறுத்தவில்லை, டிரைவரும் வண்டியை மெதுவாக்கிக் கேட்டார். வீட்டுக்கு வந்து, எஸ்தர் அக்கா கிரைண்டரைப் போட்டபோது, இரண்டு பேரும் அதற்கும் மேலே சத்தம் போட்டு டைரக்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல படம்கூட அந்த வீட்டில் இத்தனை பேச்சை உண்டாக்கியதில்லை என்று அடித்துச் சொல்வேன்.

ஞாயிறு சாயங்காலம் ஷீபா புனே போனாள். படம் அடுத்த வெள்ளிக்கிழமையைப் பார்க்கவில்லை. சொன்னபடியே டைரக்டர் கடையை மூடினார். ஏழாம் பாகம் கிடையாது என்று செய்தி வந்தது. சார் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. அசோசியேஷன் மீட்டிங்கில் டீக்கு இடைவேளை விட்டபோது எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம். டீயைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தார். செக்ரட்டரிக்கே மனசு கேட்கவில்லை. "ஏதாவது குத்தம் சொல்லுங்க சார்" என்று கெஞ்சினார். "எல்லாம் சரியாத்தான் பிரதர் இருக்கு" என்றார் சார். அதைக் கேட்க எனக்கு அழுகை வந்தது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. பேகம்பேட் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தால் சார் நிற்கிறார். பனியன், கையில் டூத் பிரஷ், வாயோரத்தில் நுரை.

"சிஸ்டர், ஷீபா வந்திருக்கா!"

"அப்படியா! என்ன படம் சார் ரிலீஸ்?"

"அதத்தான் நானும் கேட்டேன். படம் ஒண்ணும் இல்லையாம். கிறிஸ்மஸும் இல்ல, கல்யாணமும் இல்ல. ஒடம்புக்கு எதும் முடியலையாட்டின்னு பயந்துட்டேன். அதுவும் இல்லயாம்." பிரஷ்ஷை ஒரு தடவை ஆட்டினார். "சும்மா வந்தாளாம் சிஸ்டர்! எங்கூடப் பேசிட்டிருக்க, சும்மா!"

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மனிதர் மாடிப்படி ஏறிவிட்டார். மேலே ராவ் காரு வீட்டுக் கதவு தட்டப்படுவது கேட்டது. "பிரதர், ஷீபா வந்திருக்கா. சும்மா!" அதற்குமேல் மாடி, அடுத்த கதவு. ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று தெரியும். அவர் கடைசிக் கதவுவரை போய்ச் சொல்லி முடிக்கட்டும் என்று, செருப்பைப் போட்டபடி அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.