கேப்டன் கையேடு படிக்கிறார்

உங்களுக்கு ஒரு விடுகதை. ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். நான் அவரைக் கட்டிப்போடலாம், பட்டினி போடலாம், எரிகிற கோள் ஒன்றுக்குள் தலைகீழாகத் தள்ளலாம். யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அவருக்குக் கல்யாணம் செய்துவைக்க எனக்கு உரிமை இல்லை. சாகடிக்க உரிமை இல்லை. மீசை வைக்கக்கூட உரிமை இல்லை. அவர் யார்?

மைத்துனர் என்று சொல்கிறவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் விடை அதுவல்ல.

வாரம் தவறாமல் தொலைக்காட்சியில் ஒரு விண்கப்பல் பறக்கிறதே, அதன் கேப்டன்தான் அவர். அந்தத் தொடரை ஒட்டி, பள்ளிப் பிள்ளைகள் படிக்க நாவல்கள் வருகின்றன. எழுதுவது நான். அட்டை முழுக்கக் கேப்டனின் முகம் இருக்கும். அவருடைய சட்டைப் பொத்தானுக்குக் கீழே, கண்ணாடி போட்டுத் தேடினால், என் பெயர் இருக்கும்.

கேப்டன் நிறுவனத்தின் சொத்து. நான் குடித்தனக்காரன். புத்தகம் முடியும்போது கப்பலும் ஆட்களும் முதல் பக்கத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும். சுவரில் ஓர் ஆணி அடிக்கக் கூடாது. இப்படியே பல வருடம் ஆணி அடிக்காமல் வாழ்ந்துவிட்டேன். ஒரு திங்கட்கிழமை காலை, பல் துலக்கும்போது, போதும் என்று தோன்றியது. வாயைக் கொப்பளித்துவிட்டு நேராக மனைவியிடம் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் கேப்டனை விட்டுடலாம்னு இருக்கேன்.”

“எங்க கொண்டுபோய் விடப்போறீங்க?”

“எழுதறதை விடப்போறேன். இனிமே என் சொந்த நாவல்தான்.”

“அதுல யாரு வர்றா?”

“நிலாவுல தபால் கொடுக்கிற ஒரு பொண்ணு. பதினாறு வயசு.”

“நிலாவுல எத்தனை பேர் குடியிருக்காங்க?”

“ஒரு நாப்பது பேரு.”

“காலையிலயே வேலை முடிஞ்சிடுமே. மிச்ச நேரம் என்ன பண்ணுவா?”

“யோசிப்பா.”

“பக்கம் பக்கமாவா?”

நான் ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். அவள் அதை வாங்கி, பிரித்து, சரியாக மடித்தாள்.

“பதிப்பாசிரியர் வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் கேட்டிருக்காரு. நீங்க மாட்டேன்னா கேப்டன் வேற ஆளுக்குப் போயிடுவாரு. போனா திரும்ப வரமாட்டாரு. தெரியுமில்ல?”

“போகட்டும். அந்தத் தபால்காரப் பொண்ணு என்னோடவ. அவ வளரலாம், தப்பு பண்ணலாம், முடியை வெட்டிக்கலாம். யாரையும் கேக்க வேணாம்.”

இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் கரகரத்தது. அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“சரி. ரெண்டுலயும் முதல் அத்தியாயம் எழுதுங்க. பாப்பா படிக்கட்டும். அவளுக்கு எதை மேல படிக்கணும்னு தோணுதோ அதை எழுதுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்.”

பாப்பா என்பது எங்கள் மகள். வயது பன்னிரண்டு. அடம்பிடித்த கடைவாய்ப்பல்லைப் பிடுங்கப் போனபோதுகூடக் கையில் புத்தகத்தோடு போனவள். இதைவிட நேர்மையான நீதிபதி கிடைக்க மாட்டார். நான் உடனே ஒப்புக்கொண்டேன். நீதிபதி நேர்மையாக இருந்தால் போதும், நான் எப்படி இருந்தால் என்ன?

தபால்காரப் பெண்ணை மூன்று நாள் செதுக்கினேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் வெளியே சொல்லிப் பார்த்தேன். கேப்டனை ஒரே மூச்சில் முடித்தேன். எதிரி இல்லை, வெடி இல்லை, ஆபத்து இல்லை. கேப்டன் தன் அறையில் உட்கார்ந்து கப்பலின் பராமரிப்புக் கையேட்டைப் படிக்கிறார். அத்தியாயம் முழுவதும் படிக்கிறார். எழுதிய எனக்கே இரண்டு முறை கண் சொருகியது. எந்தப் பிள்ளையும் இரண்டாவது பக்கம் தாண்டாது என்று கைவலிக்கும் அளவுக்கு எனக்கு நானே கைகுலுக்கிக்கொண்டேன்.

என் கையெழுத்தைக் கணினியில் ஏற்றுவது எப்போதும் மனைவிதான். இரண்டையும் கொடுத்தேன். தட்டச்சுச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

“என்ன, இன்னும் முடியலையா?”

“உங்க கையெழுத்து அப்படி. எழுத்துப்பிழை வேற.”

வெள்ளிக்கிழமை மாலை. சாப்பாட்டு மேசையில் இரண்டு கட்டுகள். வெள்ளை கிளிப் போட்டது தபால்காரப் பெண், சிவப்பு கிளிப் கேப்டன். பாப்பா முதலில் வெள்ளையை எடுத்தாள். நான் எதிரே உட்கார்ந்து செய்தித்தாளில் ஒரே வரியைப் படித்துக்கொண்டிருந்தேன். அவள் நிதானமாக, கடைசிவரை படித்தாள்.

“நல்ல பொண்ணுப்பா இவ. ஆனா உங்களை மாதிரியே ரொம்ப யோசிக்கிறா.”

பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். அவள் சிவப்பை எடுத்தாள். முதல் பக்கத்திலேயே சிரித்தாள். இரண்டாவது பக்கத்தில் நாற்காலியோடு சேர்ந்து ஆடிச் சிரித்தாள்.

நான் எழுந்து அவள் தோளுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கேப்டன் கையேடு படித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். ஒழுகும் குழாயைச் சரிசெய்வதாக மூன்று கோள்களுக்கு முன்னால் சத்தியம் செய்திருக்கிறார். இப்போது கப்பலின் பெண் இன்ஜினியர் கதவருகே இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். “கேப்டன், அந்தப் பக்கத்துல அப்படி என்னதான் போட்டிருக்கு?” என்கிறாள். தண்ணீர் கேப்டனின் கணுக்கால்வரை வந்துவிட்டது. கேப்டன் பக்கத்தைப் புரட்டுகிறார்.

நான் சமையலறைக்கு ஓடினேன்.

“இது நான் எழுதினது இல்லையே.”

“எழுத்துப்பிழைதான் திருத்தினேன்.”

“கேப்டன் முழங்கால்வரை நனையப்போறாரு. இதுவா எழுத்துப்பிழை?”

“அப்ப நீங்க எழுதினது நல்லாருந்துச்சுங்கறீங்களா? அந்தக் காகிதம் இங்கதான் இருக்கு. அதையே பாப்பாகிட்ட கொடுத்துடவா? அப்பா இதை முழு மனசோட எழுதினாருன்னு சொல்லிக் கொடுக்கறேன்.”

நான் யோசித்தேன். முழு மனசோடு எழுதினேன் என்றால் நான் எழுத்தாளன் இல்லை. இல்லை என்றால் யோக்கியன் இல்லை.

“வேணாம்” என்றேன்.

“வாயே திறக்க மாட்டேன்னு சொன்னேனில்ல. திறந்தேனா?”

திறக்கவில்லை. விரல்களைப் பற்றி நாங்கள் ஒப்பந்தம் எதுவும் போட்டிருக்கவில்லை.

இருவரும் மேசைக்கு வந்தோம். பாப்பா படித்து முடித்துவிட்டு இரண்டு கட்டுகளையும் எதிரே வைத்துக்கொண்டு இருந்தாள். எது வேண்டும் என்று நான்தான் கேட்டேன். தபால்காரப் பெண்ணின் கட்டு சற்று என் பக்கமாக நகர்ந்திருந்தது. பாப்பா நகர்த்தினாளா, மின்விசிறிக் காற்றா, தெரியவில்லை.

பாப்பா சிவப்பு கிளிப் போட்ட கட்டை எடுத்தாள். அடுத்த அத்தியாயம் எப்போது வரும் என்று அம்மாவிடம் கேட்டாள்.