சிங்கராஜாவின் கண்ணாடிச் செவ்வகம்

ஒரு காட்டில், டவர் கிடைக்கிற மலைச்சரிவுப் பக்கமாக, ஒரு சிங்கராஜா ஆண்டுகொண்டிருந்தார். குறை உள்ளவர்கள் நேரில் வரலாம் என்று பறையறிவித்திருந்தார். ஒரு மான் போனது. குறை தீர்ந்ததோ என்னவோ, மான் தீர்ந்துவிட்டது. அதன்பிறகு ஒருவரும் போகவில்லை.

ஆகவே நரி மந்திரி ஒரு யோசனை சொன்னார். தண்ணீர்த்துறைப் பாறையில் ஒரு தொடுதிரை, அதில் ஒரு வலைப்பக்கம். செய்யும் வேலை ஓணான் உலகநாதனுக்கு வந்தது. காட்டிலேயே கம்ப்யூட்டர் படித்தவன் அவன் ஒருத்தன்தான். அதைவிட முக்கியம், யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவான்.

உலகநாதன் திரையில் படம் வரைகிற கேன்வாஸை விரித்தான். குளத்துக்கு நீல வட்டம் போட்டான். மலைக்குப் பச்சை முக்கோணம். ராஜா குகைக்குச் சிவப்பில் ஒரு சதுரம்.

"கொஞ்சம் பெரிசா போடுப்பா," என்றார் நரி. குகை மலையைவிடப் பெரிதானது.

எந்த வடிவத்தைத் தொட்டாலும் அந்த இடத்துக் குறை குகைக்குள் 'டிங்' என்று போய் விழும்.

"இதில் கோளாறு ஏதும் வருமோ?" என்று கேட்டார் ராஜா.

"வராது மகாராஜா."

"வந்தால் நீதான் என் மாலை டிபன்."

உலகநாதன் அதற்கும் தலையாட்டிவிட்டான்.

கொஞ்ச காலம் டிங் டிங்கென்று ராஜாவுக்குத் தூக்கம் கெட்டதே தவிர வேறு கோளாறில்லை. அப்புறம் ராஜாவின் பிறந்தநாள் வந்தது. நரி தொண்டையைச் செருமினார்.

"மேற்படி திரை முழுவதையும் மூடுமாறு பொன்னிறச் செவ்வகம் ஒன்று வைக்கப்பட வேண்டியது. குடிகள் தொட்டால் வாழ்த்து போய்ச் சேர வேண்டியது. விழா முடிந்ததும் அகற்றப்பட வேண்டியது."

வைத்தான். விழாவும் முடிந்தது. வயிறு முட்ட ஈசல் வறுவல் தின்ற மயக்கத்தில், செவ்வகத்தை நீக்க வேண்டியவன் அதன் நிறத்தை மட்டும் கரைத்துக் கண்ணாடியாக்கி விட்டான். திரையில் பழையபடி குளமும் மலையும் தெரிந்தன. 'ஆச்சு' என்று கிளையில் சாய்ந்தான்.

மறுநாள் காலை எருமை எழிலரசி கன்றோடு வந்தாள். குளத்தில் ஒரு முதலை குடியேறி, கன்றைத் தண்ணீரில் வாய்வைக்க விடவில்லை. நீல வட்டத்தைத் தொட்டாள்.

'தங்கள் வாழ்த்துக்கு நன்றி!' என்றது திரை.

மூக்கால் அழுத்தினாள். நன்றி. கொம்பால் குத்தினாள். குத்தக் குத்த நன்றி.

நேராக உலகநாதன் மரத்தடிக்கு வந்து ஒரு முட்டு முட்டினாள். "ஏலே! தாகத்துல நாக்கு தள்ளுது, உன் குளம் எனக்கு நன்றி சொல்லிட்டிருக்கு!"

"அக்கா, கொம்பை இறக்குங்க. பாக்குறேன்."

பாறைக்குப் போய்த் திரையைத் தட்டிப் பார்த்தான். "எல்லாத்துக்கும் மேல ஒருத்தன் உக்காந்திருக்கான்க்கா. கண்ணுக்குத் தெரியமாட்டான். நீங்க எதைத் தொட்டாலும் அவன்மேலதான் படும். கீழ ஒண்ணும் போகாது."

"நம்ம நரி மாதிரின்னு சொல்லு."

மாலை டிபன் நினைவுக்கு வந்தது. விஷயம் ராஜா காதுக்குப் போகுமுன் செவ்வகத்தை அடியோடு நீக்கிவிட்டான். குகைக்குள் டிங், டிங், டிங். சற்று நேரத்தில் ஆள் வந்துவிட்டது.

ராஜா கண்ணீரும் கம்பலையுமாக இருந்தார். "காலையெல்லாம் என் மக்கள் மூச்சுவிடாமல் வாழ்த்தினார்கள், உலகநாதா. இப்போது திடீரென்று முதலை என்கிறார்கள், முள் என்கிறார்கள், உண்ணி என்கிறார்கள். என்ன கோளாறு?"

உண்மையே உயிர்காக்கும் என்று உலகநாதன் பள்ளியில் படித்திருந்தான். "மகாராஜா, காலையில் இருந்ததுதான் கோளாறு. இப்போது சரியாகிவிட்டது."

ராஜா மீசையை நக்கிக்கொண்டு நரியைப் பார்த்தார். "சட்னி இருக்கிறதா?"

"ஐயோ, வாய் தவறிவிட்டது மகாராஜா! காலையில் இருந்ததுதான் சரி! இப்போதுதான் கோளாறு! இதோ, இந்த நொடியே சரிசெய்கிறேன்!"

செவ்வகம் மறுபடி ஏறியது. பாறையில் எழிலரசி கொம்பு தேயக் குத்திக்கொண்டிருந்தாள். குகையில் ராஜா நெகிழ்ந்துகொண்டிருந்தார்.

அந்த வாரமே விழா எடுத்தார்கள். உலகநாதனுக்குத் தலைமைப் பொறியாளர் பதவி. காட்டிலேயே அதிகம் வாழ்த்தியவர் என்று எழிலரசிக்குப் 'பேரன்புச் செல்வி' பட்டம்.

"பட்டம் கிடக்கட்டும் சாமி, தண்ணி!" என்றாள் எழிலரசி.

"உணர்ச்சிவசப்படுகிறார்," என்று மைக்கில் விளக்கினார் நரி.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முதலை எழுந்து நின்று கைதட்டியது.

நீதி: பிழையைத் திருத்தப் போகுமுன், அது யாருக்குப் பிடித்துப்போயிருக்கிறது என்று விசாரித்துக்கொள்க.