தறிக்கால் அச்சடித்த காலணா

“வியாழன், பகல் 1.40. ஆரணி, அக்கா வீடு. தறியின் வலப்புறப் பின்காலடியில் செப்புக் காலணா ஒன்று. மிக அரிய அச்சுப்பிழை. ஐயமில்லை.”

என் குறிப்பேட்டில் இப்படித்தான் இருக்கிறது. கடைசிச் சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு வேறு. நாள் தவறாமல் குறிப்பெழுதும் பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் ‘ஐயமில்லை’ என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் எழுதியதில்லை.

அக்கா மகள் பவித்ராவுக்குக் கல்யாணம் நெருங்கியிருந்தது. ஊரார் வீட்டுப் பெண்களுக்கே காலமெல்லாம் பட்டு நெய்த மாமா (அக்கா வீட்டுக்காரர்) முதல்முறையாகத் தன் மகளுக்காக ஒரு சேலையைத் தறியில் ஏற்றியிருந்தார். பெண்ணழைப்புக்கு அவள் உடுத்த வேண்டியது. பாதி நெய்தாகிவிட்டது. அன்று காலை வேலையை நிறுத்திவிட்டுத் தேசூருக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்தார். நான் தாய்மாமன். உதவி செய்ய வந்தவன்.

என் பேனா மூடி உருண்டு தறிக்கு அடியில் போனது. செல்போன் வெளிச்சத்தில் தேடியபோது மூடி கிடைக்கவில்லை. காலுக்கு முட்டாக வைத்திருந்த ஒரு காசின் விளிம்பு தெரிந்தது.

பழைய காசு என்றால் எனக்குச் சோறு வேண்டாம். காரிலிருந்து ஜாக்கியைக் கொண்டுவந்தேன். பாவு நூல் பூட்டி, பாதிச் சேலையோடு நிற்கும் தறியை ஜாக்கி வைத்துத் தூக்கியவன் ஆரணி வரலாற்றில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். (அக்கா சமையலறையில் மிக்சி ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த மிக்சிக்கும் இதில் பங்கு உண்டு.)

காசை எடுத்துத் திருப்பினேன். ஒரு பக்கம் ராஜாவின் தலை மேடாக இருந்தது. மறுபக்கம் அதே தலை பள்ளமாக, இடவலம் மாறி. நாணயச்சாலையில் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வெறும் தகட்டில் அதன் முகம் இப்படிக் குழிந்து பதியும். படத்தில் மட்டுமே நான் பார்த்த அற்புதம்.

உண்மைப் பிழையையும் பிற்காலச் சேதத்தையும் பிரித்தறியும் விதிகளை அதே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். பிழை என்பது பிறக்கும்போதே வருவது. பள்ளத்துக்கு அடியில் பழைய எழுத்தின் நிழல் தெரிந்தால் அது பிழையல்ல, பிறகு பட்ட அடி. மறுபக்கம் நசுங்கியிருந்தாலும் அப்படியே. என் காசில் ராஜாவின் கழுத்துக்குக் கீழே ‘காலணா’ என்பதற்கான ஆங்கில எழுத்துகள் நிழலாகத் தெரிந்தன. மறுபக்கத்து ராஜாவுக்கு மூக்கே இல்லை. தேய்மானம் என்று நினைத்துக்கொண்டேன். ஆசை வந்தால் மனிதன் எதையும் தேய்மானம் என்பான்.

தறியை முட்டில்லாமல் விடவில்லை. நான் அவ்வளவு பொறுப்பற்றவன் அல்ல. காசின் கனத்தை அளவுமானியில் அளந்தேன். பையிலிருந்த அட்டையை மூன்றாக மடித்தால் அதே கனம். இருமுறை சரிபார்த்துச் செருகினேன்.

ஞாயிற்றுக்கிழமை, கண்டுபிடிப்பை அறிவிக்க மறுபடி அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா தறியில் உட்கார்ந்திருந்தார், நெய்யவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்ள, என் கை போய்ட்ச்சுடா,” என்றார். “வெள்ளிக்கிழமைலருந்து பலகை அடி சரியா உழல. ஒரு வெரல் அகலம் கெட்டியா வருது, அடுத்தது தளந்து வருது. எத்தினி சேலை நெய்ஞ்ச கை. சொந்தப் பொண்ணுக்கு நெய்யும்போதா இப்டி ஆவணும்?”

அக்கா வாசற்படியில் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “டாக்டராண்ட போலாம்னா கேக்கமாட்றாருடா.”

அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று (இதை நான் உண்மையாகவே நம்பினேன்) காசை எடுத்து நீட்டினேன். பிறப்பில் வரும் பிழை, பிறகு வரும் சேதம் என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். மாமா கேட்டுக்கொண்டே காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்க எட்த்த இத?”

சொன்னேன்.

அவர் காசை மடியில் போட்டுக்கொண்டார். நெய்த துணியில் கட்டைவிரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு மெல்ல நகர்த்தினார். ஓரிடத்தில் விரல் நின்றது. “வியாழக்கிழமை காலைல நான் உட்ட எடம் இது. இதுவரிக்கும் நல்லா கீது. இதுக்கு அடுத்த எழ வெள்ளிக்கிழமை. அதுக்கு நடுவுலதான் நீ எட்த்திருக்க.”

என் குறிப்பேட்டில் வியாழன் 1.40. நான் மையால் எழுதியதை அவர் விரலால் படித்துவிட்டார்.

பிறகு அதே ஜாக்கியைக் கொண்டுவரச் சொன்னார். காலடியிலிருந்து சப்பிய மாங்கொட்டைபோல் ஓர் அட்டை வந்தது. பவித்ரா அதை வாங்கிப் பிரித்து என்னைப் பார்த்தாள். “மாமா, இது என் கல்யாணப் பத்திரிக. எம் பேரு மேலயே தறிய நிறுத்திகினீங்களா?”

“கூடப் பொறந்தவனா போய்ட்ட,” என்றாள் அக்கா. “இல்லன்னா இந்த ஜாக்கியாலயே போட்டிருப்பேன்.”

மாமா கையை விட்டுத் தரையைச் சுரண்டி இன்னொரு காலணாவை எடுத்தார். அதுவரை நான் அதைத் தரை என்றே நினைத்திருந்தேன். அதில் ராஜாவின் தலை மேல்நோக்கி இருந்தது. என் காசை அதன்மேல் வைத்து லேசாகத் திருகினார். டப்பாவும் மூடியும்போல இரண்டும் பொருந்தி நின்றன.

மாமாவின் அப்பா தறி நிறுத்தியபோது வைத்த முட்டு அது. அப்பாவும் மகனும் அடித்த ஒவ்வொரு அடியும் அந்தக் கால்வழியாக இறங்கி, ஒரு ராஜாவை இன்னொரு காசுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தியிருக்கிறது. நாணயச்சாலை ஒரே அடியில் செய்வதை இந்த வீடு இரண்டு தலைமுறையாக, தெரியாமலே செய்திருக்கிறது. மொத்தம் எத்தனை அடி என்று கணக்கிடக் குறிப்பேட்டைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

நான் கீழ்க்காசைத் திருப்பிப் பார்க்கும் முன்பே மாமா இரண்டையும் பழையபடி வைத்துத் தறியை இறக்கினார். நான்கு இழை போட்டுப் பலகையை இழுத்து அடித்தார். விரலால் தடவினார். பிறகு தன் கையைத் திருப்பிப் பார்த்து, “இருக்குதுடி,” என்றார் அக்காவிடம்.

வெள்ளி, சனி நெய்ததைப் பிரிக்க நாளில்லை. சேலையின் நடுவில் அப்படியே நின்றது. பவித்ரா அதையேதான் உடுத்தினாள். பெண்ணழைப்பில் பட்டு வியாபாரியான உறவினர் ஒருவர் கொசுவத்தைத் தொட்டுப் பார்த்து, “இது தறியில வந்த கொறையா, அப்பால வந்ததா?” என்றார்.

மாமா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பொறப்புலயே வந்ததுங்க. உண்மையான அச்சுப்பிழை. ஐயமில்ல.”

இன்றும் அந்த வீட்டில் நான் நுழைந்தால், “நாற்காலிக் கால எண்ணி வெச்சிகோங்க, மாமா குனிறாரு,” என்பாள் பவித்ரா. சேலைக்குக் ‘காலணா சேலை’ என்றே பெயர். அதைக் கட்டும் நாளெல்லாம் என்னைத்தான் முதலில் கூப்பிட்டுக் காட்டுவாள்.

ஒன்று மட்டும் பாக்கி. மேல்காசின் ஆண்டில் கடைசி எண் ஆறு என்று குறித்திருக்கிறேன். எட்டாகவும் இருக்கலாம். தறியைத் தூக்கினால்தான் தெரியும், அக்கா அனுமதிக்கவில்லை. எனவே, உறுதி செய்யப்படவில்லை.