மணி பளிச்சுன்னு தெரியோணும்

இராமச்சந்திரனின் தலை ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்தது. கால்கள் கார் கதவுக்கு வெளியே, குவெம்புநகர் தெருவில் நீட்டிக்கொண்டிருந்தன. கையில் ஒடிந்து வந்த ஒரு சின்னக் குமிழ்.

"என்னங்க, கார் கடிகாரத்து வெளிச்சத்தைக் கூட்டற திருகு கிடைச்சுதா?" என்று வாசலிலிருந்து கேட்டாள் அவர் மனைவி பாக்கியலட்சுமி.

"கிடைச்சுது. கையோட வந்துடுச்சு."

"மணி?"

"முன்னாடி மங்கலாத் தெரிஞ்சுது. இப்ப குனிஞ்சு உத்துப் பாத்தாத்தான் தெரியுது."

"விட்டுத் தொலைங்களேன். மணி பாக்க எல்லார்கிட்டயும் செல் இருக்கு."

"நமக்குச் சரி பாக்கியம். வாங்கறவருக்கு இதுதான் வேணுமாம்!"

கார் இருபது வருஷத்துக் கார். மகள் அஷ்வினி பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது அதில்தான். போன மாதம் அவளைக் காலேஜ் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டதும் அதில்தான். திரும்பி வரும்போது பின் சீட்டு காலி; கார்கூட வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்தது. இனி இவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்று விற்க முடிவு செய்தார்கள்.

முதலில் வந்தவன் பழைய இரும்பு வியாபாரி. "கதவு தனி, எஞ்சின் தனி, சீட்டு தனியா கழட்டிக்கறேன் சார்" என்றான். இராமச்சந்திரனுக்குத் தன்னையே கூறு போடுவதுபோல் இருந்தது. கேட்டைச் சாத்திவிட்டார்.

இரண்டாவதாக ராமாபுரத்திலிருந்து லிங்கப்பன் என்றொருவர் போன் செய்தார்.

"ஏனுங்க, காரு போட்டோ பாத்தேனுங்க. முன்னாடி பச்சையா மணி காட்டுமே, அது வேலை செய்யுதுங்களா?"

"செய்யுது. கொஞ்சம் மங்கல்."

"அது மட்டும் பளிச்சுன்னு தெரியோணுமுங்க. மத்ததெல்லாம் எப்படி இருந்தாலும் பரவால்லீங்க."

"வண்டி குடும்பத்துக்குங்களா?"

"பெரிய குடும்பமுங்க! நூறு பேரு இந்த வண்டிக்குத்தான் காத்துட்டு இருக்கறமுங்க."

போனை வைத்தபோது இராமச்சந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாரு பாக்கியம், மைலேஜ் கேக்கல, டயர் கேக்கல. மணி பாத்து நடக்கற மனுஷன்! இவர் கையில வண்டி நூறு வயசு இருக்கும்."

அந்த நல்ல மனிதர் இன்று நாலு மணிக்கு வருகிறார்.

குமிழ் போனால் போகட்டும் என்று செல்லில் ஒரு வீடியோ பார்த்தார். அதில் ஒருவன் டாஷ்போர்டு மூடியை விரல் நுனியால் வாழைப்பழத் தோல் மாதிரி உரித்தான். இராமச்சந்திரனுக்கு விரல் போதவில்லை. சமையலறையிலிருந்து தோசைத் திருப்பியை எடுத்துவந்து நெம்பினார். 'படக்' என்றது.

"மூடிதானே?" என்றாள் பாக்கியலட்சுமி.

"மூடியும்தான்."

தோசைத் திருப்பி இரண்டாகியிருந்தது. மூடியிலிருந்து தெறித்த ஸ்குரூ ஒன்று ஏசி ஓட்டைக்குள் விழுந்தது. எங்கே போயிற்று என்று பார்க்க ஃபேனைப் போட்டார். வண்டிக்குள் யாரோ நிலக்கடலை வறுப்பதுபோல் கடகடவென்று சத்தம் வந்தது. பிறகு சத்தமும் நின்றது, ஃபேனும் நின்றது.

பாக்கியலட்சுமி உள்ளே போய்ச் செல்லை எடுத்தாள். தம்பி விஜய்குமாருக்குப் போன் போட்டாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். பத்து நிமிஷத்தில் டூல்ஸ் பையோடு வந்து நின்றான்.

"டென்ஷன் பேடா, விடுங்க மாமா. பதினஞ்சு மாடி லிஃப்டையே ஏத்தி இறக்கறேன். இந்த மணி என்ன மணி!"

"மாப்ள, இது லிஃப்ட் இல்லடா."

"கரண்டு எல்லாத்துக்கும் ஒண்ணுதான் மாமா."

சிவப்பு வயரை வெட்டி நீல வயரோடு முறுக்கினான். ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. நிற்கவேயில்லை. எதிர்வீட்டு லீலா பால்கனிக்கு வந்து, "ஏன்ரீ இது!" என்று ஆரம்பித்து, ஹாரனையும் மீறிக் கன்னடத்தில் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார்.

"ஸ்வல்ப இருங்க மேடம், ஆயித்து, முடிஞ்சுது!" என்று விஜய்குமார் நீல வயரைப் பிடுங்கினான். ஹாரன் நின்றது. சுள்ளென்ற வெயிலில் வைப்பர் இரண்டும் வலமும் இடமும் ஆடத் தொடங்கின.

"இதை நிறுத்துடா!"

"மழை வந்தா வசதி மாமா."

"நிறுத்துடான்னா!"

இன்னொரு வயரைத் தொட்டான். புஸ்ஸென்று ஒரு புகை. வைப்பர் பாதி வழியில் நின்றது. லைட் இல்லை, இண்டிகேட்டர் இல்லை, சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஒரு இருமல்கூட இருமவில்லை. மங்கலாகவாவது தெரிந்துகொண்டிருந்த மணியும் அணைந்துபோயிற்று.

விஜய்குமார் புகையைக் கையால் விசிறிவிட்டான்.

"மணி ஒண்ணுதான் வேணும்னு சொன்னாரில்ல?" என்று மெதுவாகக் கேட்டான் விஜய்குமார்.

"ஆமா."

"அப்ப அதை மட்டும் காப்பாத்திடலாம்."

பேட்டரியிலிருந்து கடிகாரத்துக்கு நேராக ஒரு வயர் இழுத்தான். குபீரென்று பச்சை வெளிச்சம். புதுக் காரில்கூட அப்படி எரிந்ததில்லை. ரோட்டில் நின்றே மணி பார்க்கலாம் போலிருந்தது. மூன்று நாற்பது.

"வண்டி ஓடாதே மாப்ள."

"மணி ஓடுது மாமா."

சரியாக நாலு மணிக்கு லிங்கப்பன் வந்தார். வெள்ளைச் சட்டை, வாய் நிறைய வெற்றிலை. பின்னாலேயே கிரேன் வைத்த லாரி ஒன்று வந்து நின்றது.

"எதுக்குங்க லாரி?"

"ஓட்டிட்டெல்லாம் போக வேண்டாமுங்க. அலுங்காம ஏத்திட்டுப் போயிடறமுங்க."

இராமச்சந்திரன் மனைவியைப் பார்த்தார். டயர் தேயக்கூடாது என்று நினைக்கிற மனிதரைக் கண்டதுண்டா?

லிங்கப்பன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "ஆகா! சூரியனாட்டம் இருக்குதுங்க!" உடனே இரண்டு கையாலும் இராமச்சந்திரனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கைச்சூட்டில் இராமச்சந்திரனுக்குப் பொய் வரவில்லை. "நான் ஒரு உண்மை சொல்லணும். மணியைச் சரி பண்ணப்போய் ஹாரன் போச்சு. வைப்பர் போச்சு. லைட் போச்சு. வண்டியே ஸ்டார்ட் ஆகாதுங்க. வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க, தப்பா நினைக்க மாட்டேன்."

"அட, போனாப் போகுதுங்க!" லிங்கப்பன் சிரித்தார். "மணி எரியுதில்லீங்களா? அது போதுமுங்க." பேசிய தொகையை அங்கேயே கொடுத்துவிட்டு, யாரிடமோ செல்லில் பேசிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார்.

பாக்கியலட்சுமி பானெட்டில் குங்குமம் வைத்தாள். நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தாள். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற மாதிரி இருவரும் காரைத் தடவிக் கொடுத்தார்கள். கார் மெல்லத் தூக்கப்பட்டு லாரியில் ஏறியது.

சங்கிலியை இறுக்கிக்கொண்டிருந்த லாரி டிரைவர் செல்லக்கண்ணுவிடம் போய் நின்றார் இராமச்சந்திரன்.

"அண்ணே, அவங்க வீட்ல சொல்லுங்க. ஸ்பீட் பிரேக்கர்ல மெதுவா ஏத்தணும். வெயில்ல நிறுத்த வேண்டாம், பெயிண்ட் வெளுத்துடும். பதமா வெச்சுக்கிட்டா இன்னும் பத்து வருஷம் வரும்."

செல்லக்கண்ணு சங்கிலியை விட்டுவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பத்து வருஷமுங்களா? நாளைக்குப் பாலாத்துல சினிமா ஷூட்டிங்குங்க. மணி பத்து ஆறதைப் பெருசாக் காட்டுவாங்க, அடுத்த நொடியே வண்டி வெடிச்சு வானத்துல பறக்கோணுமுங்க!"