அடைக்கலம் எடுத்த குரூப்

"எந்த குரூப்புண்ணே?" என்று சொர்ணவல்லி டீச்சர் கேட்டதும், அடைக்கலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"ஓ பாசிட்டிவ்ங்க டீச்சர்."

ப்ளஸ் ஒன் சேர்க்கைக்கு வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அடைக்கலத்துக்குப் பிடிபடவில்லை. விண்ணப்பத்தில் பேர், பிறந்த தேதி, மார்க் எல்லாவற்றையும் மகளிடம் கேட்டு முத்து முத்தாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அதைத்தான் டீச்சர் கேட்கிறார்.

"ரத்த குரூப் இல்லண்ணே. பிள்ளை என்ன படிக்கப் போகுது? சயின்ஸா, காமர்ஸா?"

"சயின்ஸுங்க டீச்சர். சயின்ஸ்ல நூத்துக்கு நூறு. மொத்தம் நானூத்தி எழுவத்தெட்டு."

பின்பாதியை யாரும் கேட்கவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் அடைக்கலம் இப்போதெல்லாம் எதையும் சொல்வதில்லை. காலையில் பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போதுகூடச் சொல்லியிருந்தார்.

டீச்சர் பேனாவை எடுத்தார். அதற்குள் பின்னால் நின்ற சுந்தரேசன் தொண்டையைச் செருமினார். கடைவீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். மகனைப் புதுக்கோட்டையில் தனியார் பள்ளியில் சேர்ப்பதற்காக டி.சி. வாங்க வந்திருந்தார்.

"சயின்ஸுன்னா எந்த சயின்ஸு? பயோ-மேத்ஸா, கம்ப்யூட்டர் சயின்ஸா, பியூர் சயின்ஸா? இத யோசிக்காம எழுதிட்டா பிள்ளை வாழ்க்கையே போச்சுங்க."

அடைக்கலம் மேசைமேல் இருந்த விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அண்ணே, அப்படியெல்லாம் ஒண்ணும்..." என்று டீச்சர் ஆரம்பிக்கும்போது தலைமையாசிரியர் அறையிலிருந்து கூப்பிட்டார்கள். அவர் போய்த் திரும்புவதற்குள் அடைக்கலம் விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பியிருந்தார். வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கிறது. நானூற்று எழுபத்தெட்டு மார்க்கை அவசரத்தில் தொலைக்க முடியாது.

அரிமளம் கடைவீதியில் அடைக்கலத்துக்கு இஸ்திரிக் கடை. நாலு சக்கர வண்டி, மேலே தகரக் கூரை, கரிப்பெட்டி ஒன்று. இருபத்திரண்டு வருசமாக ஊரில் எல்லோருடைய சட்டையும் அவர் கைக்கு வந்துதான் போகிறது. அதனால் மனிதர்களை அவர் துணியை வைத்துத்தான் எடை போடுவார். மடிப்புக் கலையாத துணி என்றால் மதிப்பான வேலை. அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

ஊரிலேயே உயர்ந்த துணி டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டு. எனவே முதலில் அங்கேதான் போனார். துணி மூட்டையோடு சேர்த்துக் கேள்வியையும் இறக்கி வைத்தார்.

"டாக்டருக்குப் படிக்கணும்னா பியூர் சயின்ஸ் போதுமேண்ணே. பாட்டனி, ஜுவாலஜி படிக்கட்டும். கணக்கு ஒரு பாரம்தானே?" என்றார் டாக்டரம்மா.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அடைக்கலம் டீச்சர் முன்னால் நின்றார். கட்டத்தில் 'பியூர் சயின்ஸ்' என்று கொட்டை எழுத்து. டீச்சர் அதைப் பார்த்தார். அடைக்கலத்தைப் பார்த்தார். என்னவோ சொல்ல வந்தவர், "நம்ம பிள்ளை சயின்ஸுதான் படிக்கும்ல? இங்கதான் படிக்கும்ல?" என்று மட்டும் கேட்டார்.

"வேற எங்கிட்டு டீச்சர் போகப் போகுது?"

"அப்பச் சரிண்ணே. வைங்க."

மகள் தேவிப்ரியாவுக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை சொருகி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உள்ளே விடாமல் அவர் மனைவி செவந்தி காவல் இருந்தாள். அம்மை கண்ட பிள்ளையைக் குரூப்பு, கட்டம் என்று தொந்தரவு செய்யக்கூடாது என்பது அடைக்கலத்தின் முடிவு. இந்தப் பொறுப்பைத் தானே தலையில் போட்டுக்கொண்டதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமைக்கு அன்று மத்தியானமே கடையில் வேலை வந்துவிட்டது. சித்தாள் வேலைக்குப் போகும் இருளாயி வண்டியோரமாக நின்றாள்.

"எம்மக சரண்யா முன்னூத்தித் தொண்ணூறுண்ணே. மில்லு வேலைக்கு வேன்ல ஏத்திவிட்டுறலாம்னு இருக்கேன். ஒங்க பிள்ளைய என்னமோ சயின்ஸுல சேத்திருக்கீங்களாமே, அதுல என்னதான் இருக்கு?"

அடைக்கலம் பெட்டியைச் சட்டைமேல் வைத்துவிட்டு விளக்க ஆரம்பித்தார்.

"மில்லாவது ஒண்ணாவது! பியூர் சயின்ஸுல சேத்துவிடு. பாட்டனின்னா செடி கொடி. ஜுவாலஜின்னா உசுரு உள்ளது."

"அப்ப கோழி எதுல வரும்?"

"கோழி ஜுவாலஜி. கொழம்புல போடுற மல்லி, மொளகா பாட்டனி. அது அடுப்புல கொதிக்குது பாரு, அது கெமிஸ்ட்ரி."

இருளாயி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"இந்தக் கருகுற வாசம் எதுலண்ணே வரும்?"

கவுன்சிலரின் வெள்ளைச் சட்டையில் பெட்டி தன் முழு உருவத்தையும் பதித்திருந்தது.

மறுநாள் காலை கருகிய சட்டைக்குச் சமாதானம் சொல்லக் கவுன்சிலர் வீட்டுக்குப் போனவரை, அங்கே உட்கார்ந்திருந்த ஈ.பி. என்ஜினியர் பிடித்துக்கொண்டார்.

"பியூர் சயின்ஸா? டாக்டர் சீட்டு கெடைக்கலன்னா என்ன பண்ணுவீங்க? கணக்கையும் விட்டுட்டீங்க. கம்ப்யூட்டர் சயின்ஸுல போடுங்க. ஒலகமே அதுலதான் ஓடுது."

அடைக்கலம் தயங்கினார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன்கள் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பார்த்திருக்கிறார். கசங்கிய பனியனோடு கல்யாண வீட்டுக்கே போவார்கள். ஒருத்தனாவது ஒரு துணி தேய்க்கக் கொடுத்ததில்லை. ஆனாலும் உலகமே ஓடுகிற பக்கம் தன் மகள் மட்டும் ஓடாமல் நிற்கலாமா? மூன்றாவது தடவையாகப் பள்ளிக்கூடம் போய், வேறு ஃபாரம் வாங்கி, 'கம்ப்யூட்டர் சயின்ஸ்' என்று எழுதிக் கொடுத்தார்.

டீச்சர் முகம் சுளிக்கவே இல்லை. "நல்லதுண்ணே" என்று வாங்கி, மற்ற ஃபாரங்களோடு வைத்துவிட்டு, "தெருவுல வேற யாராச்சும் கேட்டா அவங்களுக்கும் குடுங்க" என்று பத்து ஃபாரத்தையும் கையில் திணித்தார். மகளின் மார்க்குக்குக் கிடைக்கும் மரியாதை இது என்று அடைக்கலம் எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் இருளாயி புயல் மாதிரி வந்தாள்.

"எம்பிள்ளையக் கோழிப் பக்கம் தள்ளிவிட்டுட்டு, ஒங்க பிள்ளைய மட்டும் கம்ப்யூட்டர்ல சேத்துட்டீங்களே! இது நல்லாருக்காண்ணே?"

"ஆத்தா, கத்தாத. ரெண்டும் நல்ல குரூப்புதான்."

"நல்ல குரூப்புன்னா நீங்க ஏன் மாத்துனீங்க?"

அடைக்கலம் பெட்டியை ஓரமாக இறக்கி வைத்தார். அவளைச் சமாதானம் செய்ய, இரண்டுக்கும் நடுவில் பயோ-மேத்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதிலே உயிரும் உண்டு கணக்கும் உண்டு என்று சொல்லிவைத்தார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த டீக்கடைக்காரர், மத்தியானம் மட்டும் தன் மகனைக் கம்ப்யூட்டரில் சேர்க்கச் சொன்னது ஏன் என்று சண்டைக்கு வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே தெரு இரண்டாகி, மூன்றாகிவிட்டது. கோழிக் கட்சி ஒரு பக்கம், கம்ப்யூட்டர் கட்சி ஒரு பக்கம், நடுக்கட்சி ஒரு பக்கம். காமர்ஸ் என்று முடிவு செய்திருந்தவர்களும், பத்தாவதோடு நிறுத்திவிடலாம் என்று இருந்தவர்களும், கட்சியில்லாமல் நிற்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தார்களோ என்னவோ, ஆளுக்கு ஒரு ஃபாரத்தை அடைக்கலத்திடமே வாங்கிக்கொண்டு போனார்கள். பத்து ஃபாரமும் தீர்ந்து, ஜெராக்ஸ் எடுக்க வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை சாயங்காலம் அடைக்கலம் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வீட்டுக்குள் வந்து சுவரில் சாய்ந்தார். நாலு நாள் தாடி. கம்ப்யூட்டரும் சரிதானா என்று சந்தேகம் வந்து, கையில் இன்னொரு காலி ஃபாரம்.

"ஊருக்கெல்லாம் குரூப்பு சொல்றீங்க. பெத்த பிள்ளைக்கு என்ன எழுதுறதுன்னு தெரியல" என்றாள் செவந்தி.

உள்ளேயிருந்து தேவிப்ரியாவின் குரல் மெல்ல வந்தது.

"அப்பா, என்னைய ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே."

அடைக்கலத்துக்குச் சுருக்கென்றது. நாலு நாளாக டாக்டரம்மாவைக் கேட்டார், என்ஜினியரைக் கேட்டார். இந்த யோசனை மட்டும் வரவில்லை.

"ஒனக்கு என்னடா வேணும்?"

"பிசிக்ஸும் மேத்ஸும் இருக்கணும். மத்தது எதுன்னாலும் சரிப்பா."

"பிசிக்ஸுல என்ன இருக்கு?"

"ஒங்க பெட்டி இருக்குப்பா. தண்ணி தெளிச்ச துணியில பெட்டி பட்டதும் சுருக்கம் ஏன் போகுது, மரப்பிடி ஏன் சுடல, மூக்குப் பக்கம் மட்டும் ஏன் சீக்கிரம் ஆறுது, எல்லாம் அதுலதான் இருக்கு. சின்னப் பிள்ளையில இருந்து நான் அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

அடைக்கலம் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். இருபத்திரண்டு வருசம் பிடித்த பெட்டி. அதற்குள் கரியும் சாம்பலும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தார்.

"பிசிக்ஸு படிச்சவங்க என்ன சட்டை போடுவாங்கடா?"

"நீங்க தேச்சுக் குடுக்குறதத்தான்."

செவந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அடைக்கலம் கட்டத்தில் 'பிசிக்ஸும் மேத்ஸும் உள்ள குரூப்' என்று எழுதினார். அதற்குமேல் அவருக்கு யாருடைய யோசனையும் வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் தேர்க்கூட்டம். போன வருசம்தான் ப்ளஸ் டூ வரைக்கும் உயர்த்திய பள்ளி. இத்தனை பெற்றோரை அது ஒருசேரப் பார்த்ததில்லை. மூன்று கட்சியும் மூன்று வரிசையாக நின்றன. இருளாயி கோழி வரிசையில் சரண்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக நின்றாள். மில் வேன் அன்று காலை ஆளில்லாமல் போனதாக யாரோ சொன்னார்கள். சொர்ணவல்லி டீச்சர் மூன்று வரிசையையும் ஒரே மேசைக்கு வரவழைத்து, ஒரே நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அண்ணன் வந்துட்டாரு, வழி விடுங்க!"

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. அடைக்கலம் கூச்சத்தோடு நடந்தார். வரிசைக் கடைசியில் சுந்தரேசன் நின்றிருந்தார், டி.சி.யோடும் மகனோடும்.

"பையன் புதுக்கோட்டைக்குப் போகமாட்டேங்கிறான். கூட்டாளிக எல்லாம் இங்கதான் சேருறாங்களாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"எடம் இருந்தா டீச்சர் பாத்துக் குடுப்பாங்க. பிள்ளை எதுல பிரியப்படுதுன்னு மொதல்ல அவனக் கேளுங்க" என்றார் அடைக்கலம். சொல்லி முடித்ததும் தன் குரலா அது என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

டீச்சர் அவருடைய ஃபாரத்தை வாங்கிப் படித்துவிட்டு எழுந்து நின்றார்.

"உங்க பிள்ளை கேட்டது அப்படியே கெடைக்கும்ணே. நான் பொறுப்பு."

தலைமையாசிரியரே அறையிலிருந்து வெளியே வந்து அடைக்கலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். உட்கார நாற்காலி போடச் சொன்னார். அந்தப் பள்ளிக்கூடத்துத் திரைச்சீலைகளை அடைக்கலம் எத்தனையோ தடவை தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நாற்காலி இன்றைக்குத்தான்.

உட்கார்ந்த பிறகுதான் அவருக்குக் கவலை வந்தது. தன்னால்தானே இத்தனை கட்சி? பாவம், டீச்சர் எப்படிச் சமாளிப்பார்? வகுப்பறைப் பக்கம் பெஞ்சுகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த அலுவலக உதவியாளர் வெற்றிசெல்வனிடம் மெதுவாகப் போனார். எல்லா பெஞ்சும் ஒரே அறைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஏப்பா, மூணு குரூப்பையும் ஒரே ரூம்ல அடைச்சா பிள்ளைக சண்டை போட்டுக்காதா? மூணு ரூமு வேணும்ல?"

வெற்றிசெல்வன் பெஞ்சை இறக்கிவிட்டு, முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"எதுக்குண்ணே மூணு ரூமு? நம்ம ஸ்கூல்ல சயின்ஸுன்னு இருக்கதே பயோ-மேத்ஸு ஒண்ணுதான். ஆறே பேருதான் கேட்டிருக்காங்கன்னு திங்கக்கிழமை அதையும் மூடப் போனாங்க, நீங்க சண்டைய மூட்டிவிட்டு முப்பத்தோரு பேர சேத்துவிட்டுட்டீங்க!"