டால்பினுக்கும் நம்ம ஆளு இருக்கார்

உங்களுக்கு ஒரு அவசரம். பல் வலி என்று வைத்துக்கொள்ளுங்கள், பத்திரப் பதிவு என்று வைத்துக்கொள்ளுங்கள், பெண்ணுக்குக் காலேஜ் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து பாதிதான் சொல்லியிருப்பீர்கள், அதற்குள் எதிரில் இருப்பவரின் கை சட்டைப்பைக்குப் போய்ச் செல்போனோடு வெளியே வந்திருக்கும். "அட, இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு இருக்கே? நம்ம ஆளு ஒருத்தர் இருக்காருப்பா!" தீர்ந்தது. நீங்கள் பிடிபட்டுவிட்டீர்கள்.

'நம்ம ஆளு' இனம் என்று இவர்களுக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் ரீசார்ஜ் கடை நடத்துகிறவன் என்ற முறையில் இவர்களைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவன் இந்தத் தாலுகாவில் கிடையாது. துபாயில் இருக்கும் பிள்ளையோடு பேசுகிறவர்கள்கூட எப்போதாவதுதான் என் கடைக்கு வருவார்கள். இவர்களோ காலையில் போட்ட டாப்-அப் மத்தியானம் தீர்ந்து, சோற்றுக் கையைக் கழுவின ஈரத்தோடு ஓடி வருவார்கள். என் வீட்டில் அடுப்பு எரிவதே இவர்கள் புண்ணியத்தில்தான். அதற்காக உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

அடையாளம் சொல்கிறேன், கேளுங்கள். 'தெரியாது' என்கிற சொல் இவர்கள் வாயில் வரவே வராது. கலெக்டர் ஆபீசில் ஆள் இருக்கிறார் என்பார்கள். போய்ப் பார்த்தால் அவர் வாசலில் சைக்கிளுக்கு டோக்கன் கொடுப்பவர். ஆஸ்பத்திரியில் ஆள் இருக்கிறார் என்பார்கள்; அவர் ஆம்புலன்ஸ் டிரைவரின் மச்சான், அதுவும் பழைய டிரைவரின் மச்சான். கோயிலில் ஆள், கோர்ட்டில் ஆள், சுடுகாட்டில்கூட ஆள். இதில் பைசா லாபம் பார்ப்பார்களா என்றால், மாட்டார்கள். நீங்கள் வாங்கிக் கொடுக்கும் டீயைக்கூட மறுத்துவிட்டு அவர்களே காசு கொடுப்பார்கள். அதுதான் ஆபத்து. கமிஷன் வாங்குகிறவனைத் திட்டலாம், சட்டையைப் பிடிக்கலாம். இவர்களை என்ன செய்வது?

இன்னொரு குணமும் உண்டு. உங்கள் காரியத்தை நீங்களே ஒழுங்காக முடித்துவிட்டீர்கள் என்று தெரிந்தால் இவர்கள் முகம் சுண்டிப்போகும். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்பார்கள். சொந்தத் தங்கை சொல்லாமல் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட மாதிரி வருத்தம். உங்கள் ஏற்பாட்டைக் கலைத்துத் தங்கள் ஏற்பாட்டை அதன் மேல் உட்கார வைக்கும் வரைக்கும் இவர்களுக்குத் தூக்கம் பிடிக்காது.

இந்த இனத்தில் நான் பார்த்த அசல் சரக்கு, உப்பளத்து மேஸ்திரி காசிலிங்கம்.

காசிலிங்கத்தின் மனைவி அம்சவல்லி உப்பளத்தில்தான் கூலி. பாத்தியில் நின்று நின்று கால் இரண்டும் வெடித்து, செருப்பு போட்டால் எரியும், போடாவிட்டாலும் எரியும் என்று கிடப்பவர். மகள் இலக்கியா பிளஸ் டூ முடித்ததும் அம்மா சொன்னது ஒன்றுதான்: "என்ன வேலைக்கு வேணா போ. உப்பளத்துக்குள்ள மட்டும் கால வெக்காத." அந்தப் பெண்ணும் தானே அலைந்து, தானே கேட்டு, ஆரோவில் பக்கம் சகாயமேரி அம்மா நடத்தும் விருந்தினர் விடுதியில் வரவேற்பு வேலைக்குச் சேர்ந்தது. தற்காலிகம்தான். வேலையில் கெட்டிக்காரி என்று நிரூபித்தால் நிரந்தரம் என்று பேச்சு.

சுனாமி வந்து ஒரு வருஷம் தாண்டின மாசி மாதம் அந்த விடுதிக்குச் சென்னையிலிருந்து ஒரு ஜோடி வந்து தங்கியது. சித்தார்த்தன், வினோதினி. கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம், முதல் கல்யாண நாள். டிவியில் பார்த்தார்களாம்: நடுக்கடலில் டால்பின்கள் துள்ள, நடுவே மனிதர்கள் நீந்துகிறார்கள். அதே மாதிரி நாங்களும் நீந்த வேண்டும், தனிப் படகு வேண்டும், வேறு ஒரு ஈ காக்காய் படகில் இருக்கக் கூடாது என்று கேட்டார்கள். சகாயமேரி அம்மா இலக்கியாவைக் கூப்பிட்டு, "இத நீ ஒருத்தியா நின்னு முடிச்சிக் காட்டும்மா. அடுத்த மாசத்துலேர்ந்து உன்ன பெர்மனென்ட் பண்ணிடறேன்" என்று சொல்லிவிட்டார்.

இலக்கியா கூனிமேட்டுக் குப்பத்துக்கு நேரில் போனாள். சிங்காரம் என்கிற மீனவரிடம் பேசினாள். எங்கள் கடலில் டால்பின் இல்லாமல் இல்லை. மீனவர்கள் ஓங்கில் என்பார்கள். விடியற்காலையில் வலைக்குப் போகிறவர்கள் சர்வசாதாரணமாகப் பார்ப்பார்கள். வரும் என்று உறுதி தர முடியாது, ஆனால் வருகிற இடத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்றார் சிங்காரம். லைஃப் ஜாக்கெட்டுகூட இரவல் வாங்கி வைத்தாள் அந்தப் பெண். எல்லாம் கச்சிதம். கெட்டதெல்லாம் எங்கே தெரியுமா? ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சந்தோஷமாகச் சொல்லிவிட்டாள்.

காசிலிங்கம் மறுநாள் என் கடை வாசலுக்கு வந்தார். டாப்-அப் போட்டுக்கொண்டார். "பாத்தியாப்பா, பெத்த அப்பன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறேன், என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம யாரோ சிங்காரமாம், அவன்கிட்டப் போய் நிக்குது இந்தப் பொண்ணு" என்றார். குரலே உடைந்திருந்தது. மகள் எழுதி வைத்திருந்த நம்பரைப் பார்த்து, அங்கேயே நின்று சிங்காரத்துக்குப் போன் போட்டு, "நீங்க வர வேணாம், நாங்க வேற பாத்துட்டோம்" என்று முடித்துவிட்டார்.

"வேற யாரைண்ணே பாத்திருக்கீங்க?" என்றேன்.

"இனிமேதான் பாக்கணும்."

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் ஒரு போன் ஊர்வலம்! காசிலிங்கம் திண்டிவனத்தில் இருக்கும் கலையரசனைக் கூப்பிட்டார். கலையரசன், "டால்பின்தானே? கடலூர்ல நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு" என்றான். கடலூர்க்காரர் பாண்டிச்சேரியில் ஒருவரைப் பிடித்தார். பாண்டிச்சேரிக்காரர் இன்னொருவரைப் பிடித்தார். நான் இரண்டு பேருக்கு ரீசார்ஜ் போட்டு முடிப்பதற்குள் காசிலிங்கத்தின் போன் அடித்தது. முன்பின் தெரியாத குரல்; அவசரத்தில் பொத்தானை மாற்றி அழுத்தி ஸ்பீக்கரில் போட்டுவிட்டதால் எனக்கும் கேட்டது.

"அண்ணே, மெட்ராஸ் பார்ட்டி ஒண்ணு டால்பின் பாக்கணும்னு கேக்குதாம். மரக்காணம் பக்கம் நீங்கதான் எல்லாம்னு சொன்னாங்க. யாராச்சும் ஆளு இருக்காங்களா?"

காசிலிங்கம் நிமிர்ந்து நின்றார். "என்ன கேள்வி கேக்கறீங்க? நம்ம ஆளு இருக்காரு, அனுப்பி வைங்க!"

சத்தியமாகச் சொல்கிறேன், தான் விட்ட கேள்விதான் ஊரைச் சுற்றிவிட்டுத் தன்னிடமே வந்திருக்கிறது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. நான் வாயைத் திறந்தேன். "நீ சும்மா இருப்பா, ஊரே நம்பள நம்பிக் கேக்குது" என்று அடக்கிவிட்டார்.

கடைசியில் அவர் கண்டுபிடித்த ஆள், அர்ச்சுனன். உப்பளத்து வேலையாள். அவரிடம் படகு எப்படி வந்தது என்றால், அதுவும் காசிலிங்கத்தின் கைங்கரியம்தான். சுனாமி நிவாரணம் வந்தபோது அர்ச்சுனன் ஆசைப்பட்டது பாத்திக்குத் தண்ணீர் இறைக்க ஒரு இன்ஜின். காசிலிங்கத்துக்குத்தான் நிவாரணக் குழுவில் 'நம்ம ஆளு' ஆயிற்றே, சொல்லிவிட்டார். அந்த ஆள் இன்னொரு ஆளிடம் சொன்னார். இன்ஜின் வந்தது, அதன் அடியில் ஒரு ஃபைபர் படகும் சேர்ந்து வந்தது. கடலைக் கரையில் நின்று கும்பிடுவதோடு சரி என்று இருக்கும் மனிதர் அர்ச்சுனன். இன்ஜினைக் கழற்றிப் பாத்தியோரம் வைத்துக்கொண்டு, படகை வீட்டுப் பின்னால் போட்டுவிட்டார். அதில் சாக்கு அடுக்கினார்கள், மிளகாய் காய வைத்தார்கள்.

அந்த ஜோடியின் கல்யாண நாள் காலையில் என்னையும் வம்படியாக இழுத்துப் போனார் காசிலிங்கம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது படகுக்குள் கோழி ஒன்று அடை உட்கார்ந்திருந்தது. அது இறங்க மறுத்துக் கொத்தியது. அந்தக் கும்பலிலேயே நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்டு எதிர்ப்புத் தெரிவித்த ஒரே ஜீவன் அதுதான். ஒரு வழியாக அதை முட்டைகளோடு இடம் மாற்றினார்கள். உப்பளத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து, வெடித்த காலோடு அம்சவல்லியும் சேர்ந்து, படகை இழுத்துப் போனார்கள். கடலுக்கு இல்லை. உப்பளத்துக்குப் பின்னால் இருக்கும் உப்பங்கழிக்கு. இன்ஜின் இல்லாத படகை மூங்கில் கழியால் தள்ள வேண்டும், அலையில் எங்கே தள்ளுவது?

'குப்பத்துக்குப் போவ வேணாம், நேரா உப்பளத்துக்கு வந்துடு' என்று மகளுக்குப் போனில் சொல்லி வைத்திருந்தார் காசிலிங்கம். கார் வந்து நின்றது. சென்னை ஜோடியோடு இலக்கியா இறங்கினாள். படகைப் பார்த்தாள், அர்ச்சுனனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். 

"சிங்காரம் அண்ணன் எங்கப்பா?"

"அவரு எதுக்கும்மா? அவர வேணாம்னுட்டேன். நம்ம ஆளு இருக்கும்போது வெளியாளு எதுக்கு?"

அவள் ஓரமாகப் போய்ச் சிங்காரத்துக்குப் போன் போட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை. கடலில் இருப்பவருக்கு எங்கே சிக்னல் கிடைக்கும்? அதற்குள் வினோதினி நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படகில் ஏறிவிட்டாள்.

"தண்ணி ஆழம் இருக்குமாங்க? குதிக்கலாமா?" என்று கேட்டான் சித்தார்த்தன்.

"நல்ல ஆழம்ங்க" என்றார் அர்ச்சுனன்.

பொய் சொல்லவில்லை அவர். உப்புப் பாத்தியில் தண்ணீர் கணுக்கால் மறைந்தாலே 'ஆழமா நிக்குது, கொஞ்சம் வடிச்சி வுடு' என்பார்கள். வாழ்நாள் முழுக்க அந்தத் தண்ணீரை அளந்த மனிதருக்கு முழங்கால் தண்ணீர் சமுத்திரம்.

கழியைப் போட்டுத் தள்ளிக்கொண்டு போனோம். காசிலிங்கம் முன்னால் நின்று புருவத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். திடீரென்று துள்ளினார். "அதோ! அதோ பாருங்க! கருப்பா முதுகு தெரியுது பாருங்க!" நிஜமாகவே தெரிந்தது. வழுவழுவென்று, கரியதாக, வெயிலில் மின்னிக்கொண்டு ஒரு முதுகு. வினோதினி கேமராவைத் தூக்கினாள். சித்தார்த்தன், "ஹாப்பி ஆனிவர்சரி!" என்று கத்திக்கொண்டே தலைகீழாகப் பாயப் போனவன், நல்ல வேளை, கடைசி நொடியில் மனசு மாறிக் காலை முதலில் விட்டுக் குதித்தான். அதனால் கழுத்து பிழைத்தது.

முழங்கால் தண்ணீர், அதற்குக் கீழே தொடை வரைக்கும் சேறு, சேற்றுக்குள் சிப்பி. "அம்மா!" என்று ஒரு அலறல். அந்த அலறலில் டால்பின் தலையைத் தூக்கிப் பார்த்தது. கொம்பு இருந்தது. பின்னாலேயே அதன் குட்டி டால்பினும் எழுந்து, "ம்ம்மே" என்றது.

"எருமையும் நல்லா நீந்துங்க" என்றார் காசிலிங்கம். கூசாமல் சொன்னார்!

சித்தார்த்தனை வெளியே இழுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பாதத்தில் நீளக் கிழிசல். அதில் உப்புத் தண்ணீர். அவன் துடித்த துடிப்பைப் பார்த்து வினோதினி அழுதுகொண்டே வைதாள். இலக்கியா தன் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். அந்த நேரத்திலும் காசிலிங்கம் என்ன செய்தார் தெரியுமா? போனைக் கையில் எடுத்து, "தையல் போட நம்ம ஆளு ஒருத்தர்..." என்று ஆரம்பித்தார். அர்ச்சுனன்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்ணே. உங்களக் கும்புடறேன்."

அன்றைக்குச் சாயங்காலம் சகாயமேரி அம்மா இலக்கியாவிடம் சொன்னதை அவளே என் கடையில் வந்து சொன்னாள். அந்த அம்மா கோபப்படக்கூட இல்லையாம். "உன் மேல தப்பு இல்லம்மா. ஆனா உன்கிட்ட ஒரு வேலை குடுத்தா அத உங்கப்பா செய்யறாரு. நான் யாருக்கும்மா சம்பளம் குடுக்கறது?"

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காசிலிங்கம் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். இப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. அந்த இடத்திலேயே முகம் பிரகாசமாகிவிட்டது. "சனியன் போனா போவட்டும்மா! இதுக்கா அழுவறே? பாண்டிச்சேரியில நம்ம ஆளு..."

"அப்பா." சத்தம் போடவில்லை அவள். "எனக்குன்னு ஒரே ஒரு ஆளுதாம்பா இருந்தாரு. நானே போய்ப் பேசி, நானே புடிச்ச ஆளு. அவரத்தான் நீ வேணாம்னுட்ட."

காசிலிங்கம் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரைக் கூப்பிடுவது என்று முதல் தடவையாக அவருக்குத் தெரியவில்லை. டாப்-அப் போடாமலே போய்விட்டார். மறுநாள் சிங்காரம் கடைக்கு வந்தபோது, "நேத்து ஓங்கில் கும்பலா சுத்திக்கினு இருந்துச்சுப்பா, படகுக்குப் பக்கத்துலயே" என்று சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

இலக்கியா இப்போது உப்பளத்தில் அம்மாவோடு நிற்கிறாள். எந்தப் பாத்திக்குள் கால் வைக்காதே என்று பெற்றவள் கெஞ்சினாளோ, அதே பாத்தியில். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆனால் ஒன்று, வருகிற திங்கட்கிழமை பாண்டிச்சேரியில் ஒரு ஓட்டலுக்கு அவளே எழுதிப் போட்டு, அவர்களே வரச் சொல்லி, அவளே நேர்முகத்துக்குப் போகப் போகிறாள். இந்தத் தடவை என் கடையில் சொன்னதோடு சரி, வீட்டில் மூச்சு விடவில்லை.

இதைப் படித்து உங்கள் மனசு இளகியிருக்கும். எனக்குத் தெரியும். நல்ல பெண்ணாயிற்றே, பாவம், கெட்டிக்காரியாகவும் இருக்கிறாளே என்று நினைத்திருப்பீர்கள். அதோடு நிறுத்தினீர்களா? பாண்டிச்சேரி ஓட்டலா, அங்கே மேனேஜருக்கு வேண்டியவர் ஒருவரை நமக்குத் தெரியுமே, சும்மா ஒரு வார்த்தை போட்டு வைத்தால் என்ன என்று தோன்றியதா இல்லையா?

ஐயா, அம்மா, உங்கள் காலில் விழுகிறேன். அந்தச் செல்போனைக் கீழே வையுங்கள்.