ஏழாம் எண் வீட்டின் பச்சை விளக்கு

மனித குலம் இதுவரை நடத்திய விடுதலைப் போராட்டங்களை எல்லாம் தராசின் ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் எங்கள் வாடகைக் குடியிருப்பை வைத்தால், எங்கள் தட்டுதான் தரையைத் தொடும். மற்றவர்கள் சுதந்திரத்தைக் கேட்டு, சண்டை போட்டு, வாங்கினார்கள். நாங்கள் அதை முப்பத்தெட்டு விதிமுறைகளாக அச்சடித்து, பிரேம் போட்டு, பன்னிரண்டு வீட்டுச் சுவரிலும் ஆணியடித்து மாட்டியே கொடுத்துவிட்டோம்.

வயதானவர்கள் பிள்ளைகள் தயவில் இராமல், தனி வீடு, தனிச் சமையலறை, தனிச் சாவியோடு, ஆனால் பாதுகாப்பாக வாழ வேண்டும் என்பது எங்கள் கொள்கை. அதில் 'தனி' என்பதை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். 'ஆனால்' என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். என் பதவியின் பெயர் 'சுதந்திர ஒருங்கிணைப்பாளர்'.

எங்கள் சாதனைகளில் தலையாயது 'நான் நலம்' பொத்தான். ஒவ்வொரு வீட்டிலும் கதவை ஒட்டி உள்பக்கச் சுவரில் இருக்கும். காலை ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் குடியிருப்பவர் அதை அமுக்க வேண்டும். அமுக்கினால் என் அறைப் பலகையில் அந்த வீட்டுக்கு உரிய விளக்கு பச்சையாக எரியும். எட்டு மணிவரை எரியாவிட்டால் கட்டடம் முழுவதும் சைரன் அலறும். முதல் வாரத்தில் மூன்றாம் எண் வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் குளியலறையில் கொஞ்சம் நிதானமாக இருந்துவிட்டார். துண்டோடு வெளியே வந்தவரை, கூடத்தில் நானும் இரண்டு காவலாளிகளும் ஒரு ஸ்ட்ரெச்சரும் வரவேற்றோம். அன்று அவர் சொன்ன சொற்கள் பதிவேட்டில் ஏற்றப்படவில்லை. மறுநாள் முதல் பன்னிரண்டு விளக்கும் தவறாமல் எரிகின்றன.

இயந்திரத்தை மட்டும் நம்புபவர்கள் அல்ல நாங்கள். பன்னிரண்டு பேரையும் நான் தினமும் நேரில் சந்தித்து, ஆளுக்கு ஒரு வரி எழுதி, கையெழுத்திட வேண்டும். அதன் பெயர் 'மனிதநேயப் பதிவேடு'. எட்டு மணிக்கு விளக்குகளைப் பார்ப்பேன். எட்டே காலுக்குள் மனிதநேயம் முடிந்துவிடும்.

இப்படிப்பட்ட சொர்க்கத்தில் ஏழாம் எண் வீட்டுக்கு டெய்லரம்மா குடிவந்தார். நாற்பது வருடம் தையற்கடை நடத்தியவர். காலால் மிதித்து ஓட்டும் தையல் மெஷினைப் போர்வையில் சுற்றிக் கூடவே கொண்டுவந்திருந்தார். இரண்டே வாரத்தில் குடியிருப்பு முழுவதும் பேன்ட்டுகள் சரியான உயரத்துக்கு வந்தன. இதை இப்படியே விட்டுவிட முடியுமா? பாதுகாப்புக் குழு கூடியது. 'தையல் இயந்திரமும் முதியோர் நலனும்' என்ற பொருளில் மூன்று அமர்வுகள் நடந்தன. மூன்றாவதற்கு, பெருந்தன்மையுடன், டெய்லரம்மாவையும் அழைத்தோம்.

"அதுல ஊசி இருக்கேம்மா?" என்று தொடங்கினார் குழுத் தலைவர்.

"ஊசி இல்லாம எதை வெச்சுங்க தைக்கிறது?"

"குத்திக்கிட்டா?"

"நாப்பது வருஷமா குத்திக்கிட்டுதான் இருக்கேன். விரல் பத்தும் இருக்கு. வேணா எண்ணிக்கோங்க."

எண்ணினோம். பத்து. குறிப்பில் ஏற்றப்பட்டது.

"சரி, சத்தம் வருமே. மத்தவங்க அமைதி கெடாதா?"

பக்கத்து வீட்டுக்காரர் எழுந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். எல்லோரும் அவரைக் கண்டக்டர் என்றே கூப்பிடுவோம். "சார், முப்பது வருஷம் இன்ஜின் பக்கத்து சீட்ல தூங்கினவன் நான். இங்க வந்து தூக்கமே இல்ல. இந்தம்மா மெஷின் ஓட ஆரம்பிச்ச பிறகுதான் மதியத்துல கண்ண மூடுறேன்."

அவருடைய சாட்சியம் ஏற்கப்படவில்லை. அவர் போட்டிருந்த சட்டையின் காலரை டெய்லரம்மா திருப்பித் தைத்திருந்தது தெரிய வந்ததால், அவர் 'பயன்பெற்ற தரப்பு' ஆனார்.

தலைவர் குரலில் தேன் தடவினார். "நீங்க நிம்மதியா ஓய்வெடுக்கத்தானேம்மா இங்க வந்தீங்க?"

"ஓய்வெடுக்கணும்னா மகன் வீட்லயே கிடந்திருப்பேனே! ஒரு டம்ளரைக் கழுவ விடமாட்டான். 'உக்காரும்மா, உக்காரும்மா'ன்னு உக்கார வெச்சே என்னைப் படமா மாட்டப் பாத்தான். கையக் கால ஆட்டிக்கிட்டு இருக்கணும்னுதான் இங்க வாடகைக்கு வந்தேன். மெஷின் இருந்தா நான் இருக்கேன். மெஷின் இல்லேன்னா நானும் இல்ல. அவ்வளவுதான்."

"எதுவா இருந்தாலும் எழுதிப் பெட்டியில போடுங்கம்மா. வாய்ச்சொல் செல்லாது."

பெட்டி என்பது நுழைவாயிலில் உள்ள 'உங்கள் குரல்' பெட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறக்கப்படும். டெய்லரம்மா அன்று மாலையே எழுதிப் போட்டார். ஒழுங்காக, நான்காக மடித்த தாள். விதியை இவ்வளவு மதிக்கும் ஒருவரை நான் பார்த்ததில்லை.

குழுவின் தீர்ப்பு: மெஷின் ஒரு 'ஆபத்தான பொருள்'. மூன்று நாளில் அகற்ற வேண்டும். ஈடாக, முனை மழுங்கிய கத்தரிக்கோலால் காகிதப் பூ வெட்டும் வகுப்பில் அவருக்கு முதல் வரிசை.

மூன்றாம் நாள் வேன் வந்தது. மெஷினின் ஒரு பக்கத்தைக் கண்டக்டரும் மறுபக்கத்தை டெய்லரம்மாவும் பிடித்துக்கொண்டார்கள். கேட்டைத் திறந்து பிடித்தவன் நான். மெஷினைத் தொடர்ந்து ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு தலையணையும் போயின.

"தலகாணி எதுக்கும்மா?"

"மெஷினுக்கு அடிபடக்கூடாதில்ல, தம்பி."

பொறுப்புணர்ச்சி என்றால் இதுதான் என்று நெகிழ்ந்து நின்றேன். அவர் என் நெஞ்சுக்கு நேராக விரலை நீட்டினார். "ரெண்டாவது பித்தான் தொங்குது. வந்த நாள்ல இருந்து சொல்றேன், நீங்கதான் நிக்கறதே இல்ல. அசையாதீங்க." வேன் உறுமிக்கொண்டிருக்க, பையிலிருந்து ஊசியை எடுத்து, நின்றபடியே தைத்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டு, முன் சீட்டில் ஏறிக்கொண்டார். ஆபத்தான பொருளை வழியனுப்பப் போகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அதன்பின் ஏழாம் எண் வீட்டில் நிலவிய அமைதியை எழுத்தில் வடிப்பது கடினம். ஆனாலும் தினமும் வடித்தேன். 'புன்னகைத்தார்.' 'காகிதப் பூவில் ஆர்வம் கூடியுள்ளது.' சத்தம் இல்லை, கோரிக்கை இல்லை, குறை இல்லை. காலை ஏழு ஐம்பதுக்குப் பச்சை விளக்கு, கடிகாரம் தோற்கும். மற்ற பதினொரு பேரிடமும் ஏதாவது ஒரு முணுமுணுப்பு இருந்தது. எனவே, 'ஆண்டின் முன்மாதிரிச் சுதந்திர முதியவர்' கேடயத்துக்கு டெய்லரம்மாவின் பெயரை நானே பரிந்துரைத்தேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து பெண் அதிகாரி ஒருவர் கேடயத்தோடு வந்தார். பொத்தான் அமுக்கும் காட்சியைப் படம் எடுக்க வேண்டும் என்றார். ஏழே முக்காலுக்கு அவரும், தலைவரும், புகைப்படக்காரரும், பூங்கொத்தோடு நானும் ஏழாம் எண் கதவுக்கு முன் நின்றோம். தட்டினோம். பதில் இல்லை.

"முன்மாதிரி அமைதி," என்று விளக்கினேன்.

ஏழு ஐம்பதுக்குக் கண்டக்டர் பனியனோடு, பல் தேய்த்தபடி வந்தார். எங்களை ஒதுங்கச் சொல்லி, சாவியைப் போட்டுக் கதவைத் திறந்து, உள்ளே கைவிட்டுப் பொத்தானை அமுக்கி, "ரைட், போலாம்" என்றார். அப்புறம்தான் கேமராவைப் பார்த்தார்.

அறையில் ஒன்றும் இல்லை. தரையில் மெஷினின் நான்கு கால் தடமும், மூலையில் கொஞ்சம் நீல நூலும் இருந்தன.

"இங்க இருந்தவங்க எங்க?" என்றார் அதிகாரி.

"போய்ட்டாங்களேம்மா! ரெண்டு தெரு தள்ளி, அயர்ன் கடை மாடியில ஒரு ரூம். மெஷின் சும்மா பறக்குது."

"ஆபீஸ்ல சொல்லாமலா?"

"எழுதிப் பெட்டியில போட்டாங்களே."

எல்லோரும் தலைவரைப் பார்த்தோம். பெட்டி திறக்க இன்னும் ஐந்து வாரம் இருப்பதாகத் தலைவர் தெளிவுபடுத்தினார்.

"அப்ப நீங்க எதுக்கு தினமும் வந்து பட்டன் அமுக்குறீங்க?"

"அந்தம்மாதான் சாவியக் குடுத்து சொல்லிட்டுப் போச்சு. 'வெளக்கு எரியலேன்னா சைரன் ஊதும். அந்தத் தம்பிக்கு வேலையே போயிடும். பிள்ளைகுட்டிக்காரர், பாவம். தானா எதையும் சமாளிக்கத் தெரியாது. நாமதான் பாத்துக்கணும்'னு."

இந்த முறை எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருங்கிணைப்பாளர் இப்படிப்பட்ட கணத்தில் கலங்கலாகாது. "இதுதான் மேடம் சுதந்திரத்தோட உச்சம்," என்றேன். "எங்க முதியவங்க நலமா இருக்காங்கன்னு தெரிவிக்க, அவங்களே தேவைப்படறதில்ல."

அதிகாரி கையை நீட்டி மனிதநேயப் பதிவேட்டைக் கேட்டார்.

டெய்லரம்மா போய் இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. இருபத்திரண்டு நாளும் அவரை நேரில் சந்தித்ததாக நான் கையெழுத்திட்டிருந்தேன். அதிகாரி வரும் நாள் என்பதால், அன்றைய வரியை முந்தின நாளே எழுதி வைத்திருந்தேன். 'கேடயத்தைப் பெற்றுக்கொண்டு ஆனந்தக் கண்ணீர் விட்டார்.'